என் முகத்தில் வந்தது அம்மை இல்லை

எனக்கு நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி என்று மதுரையில் சொன்ன பிறகு எங்கள் தெருவில் முதலில் வந்த கேள்வி, "வீட்டுல யாரு பீடி குடிப்பாக?" என்பதுதான். யாரும் குடிப்பதில்லை. என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து பென்ஷனோடு திரும்பியவர். அங்கே கிடைத்த சிகரெட்டையும் ரம்மையும் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தள்ளிவிட்டு, பாலைக் கேட்டு வாங்கிக் குடித்த மனிதர். நான் ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். "அப்ப துணித் தூசியா இருக்கும்" என்று அவர்களே தீர்ப்பும் எழுதிக்கொண்டார்கள். நோய் வந்தவள்தான் குற்றவாளி மாதிரி நின்று எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் எனக்கு.

என் கட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இந்த வகைக்கென்றே குறிவைத்து அடிக்கிற மாத்திரை இருக்கிறது என்றார்கள். தலைமுடி கொட்டாது, கையில் ஊசி குத்திக்கொண்டு நாள் முழுக்கப் படுத்துக்கிடக்க வேண்டாம், காலையில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். குறிவைத்து அடிப்பது என்ற பேச்சு வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. துப்பாக்கி பிடித்த கை அல்லவா? வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "சில பேருக்கு வயித்தால போகும். ஸ்கின்ல கொஞ்சம் ரேஷ் வரலாம். வந்தா சொல்லுங்க." அடுத்த நோயாளியின் ஃபைலைப் பிரித்துக்கொண்டே சொன்னார். எங்கே வரும், எப்படி இருக்கும், வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, ஒன்றும் இல்லை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தில் எல்லாம் இருக்கிறதாம். இருக்கும். கொசுக்கால் எழுத்தில், இங்கிலீஷில். தமிழ் படிக்கிறவளுக்கும் தமிழில் இருமுகிறவளுக்கும் விற்கிற மருந்துக்குத் தமிழில் நாலு வரி எழுத முடியாதவர்கள் எதற்கு அந்தக் காகிதத்தை மடித்து வைக்கிறார்கள்? பெட்டிக்குள் மாத்திரை ஆடாமல் இருப்பதற்கா?

நர்ஸ் மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொன்னாள். மாத்திரையை அதன் அட்டையிலேயே வைக்க வேண்டும், முன்கூட்டியே பிரித்து டப்பாவில் கொட்டக் கூடாது, வெயிலும் ஈரமும் படக் கூடாது, மற்றவர்கள் வெறுங்கையால் தொட வேண்டாம், மாசமாக இருக்கிறவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம். வீட்டுக்காரர் அதை அப்படியே உத்தரவாக எடுத்துக்கொண்டார். அடுப்படி வேண்டாம், சூடு. ஃபிரிட்ஜ் வேண்டாம், உள்ளே ஈரம். படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டைக் காலிசெய்து, அதில் மாத்திரைப் பெட்டியைத் தவிர வேறு எதையும் வைக்க விடவில்லை. காலையில் வாட்சைப் பார்த்துக்கொண்டே வருவார். அட்டையிலிருந்து ஸ்பூனில் தள்ளி நீட்டுவார். நான் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் நகருவார். இந்த விஷயத்தில் அவரை ஒரு சொல் குறை சொல்ல முடியாது. அதனாலேயே பின்னால் அவர் செய்ததை என்னால் லேசில் மன்னிக்க முடியவில்லை.

மாத்திரை பிடிக்க ஆரம்பித்தது எனக்கே தெரிந்தது. இருமல் குறைந்தது. துணி காயப்போட மாடிக்குப் போனால் நடுவில் நிற்காமல் ஏற முடிந்தது. பல மாதம் கழித்து மெஷினில் உட்கார்ந்து ஒரு கல்யாண ஜாக்கெட்டை ஒரே இருப்பில் முடித்தேன்.

பிறகு மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்தது. அங்கிருந்து கன்னம், நெற்றி, தலைக்குள், நெஞ்சு, முதுகு என்று சின்னச் சின்னக் கொப்பளமாகப் பரவியது. அரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். நகத்தோரம் வீங்கி வெடித்து, ஊசியில் நூல் கோக்கவே கண்ணில் தண்ணீர் வந்தது. வயிறும் நிற்காமல் போனதில் உடம்பு கிழிந்த துணியாகக் கிடந்தது. டாக்டர் சொன்ன ரேஷ் இதுதான் போல என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் மதுரைக்குப் போன் பண்ணலாம் என்று வீட்டுக்காரரும் சொன்னார். அதற்குள் சேத்தூரிலிருந்து மதினி வந்துவிட்டார்.

மதினி என்றால் அவருடைய அக்கா. இளநீர்க் குலையோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர், என்னைப் பார்த்ததும் குலையை வாசலிலேயே வைத்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, தலைக்கு மேல் கையைக் குவித்துக் கும்பிட்டார். என்னை அல்ல, என் முகத்தை.

"ஏலே தம்பி, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஆத்தா வந்திருக்கா. முத்து முத்தாப் போட்டிருக்கா. நீ என்னடான்னா மாத்திரையக் குடுத்துக்கிட்டு இருக்க."

"இது மாத்திரையில வந்தது மதினி. டாக்டரு முன்னாடியே சொன்னாரு" என்றேன்.

"டாக்டருக்கு ஆத்தாவப் பத்தி என்ன தெரியும்? நீ செத்த நேரம் பேசாம படு தாயி. அவ இருக்கையில எதுத்துப் பேசக் கூடாது."

என்னைத் தாயி என்றது பாசத்தில் இல்லை, பயத்தில். அந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டில் நான் நோயாளி இல்லை, மாரியம்மன். அம்மனாக இருப்பதில் உள்ள பெரிய சங்கடம், நாம் சொல்வதை ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான்.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அவர் சிறுவயதில் கடைக்குட்டித் தங்கச்சிக்கு அம்மை போட்டது. ஊசி போட்டால் சரியாகும் என்று இவர்கள் அப்பா கம்பவுண்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். ஊசி போட்ட மறுநாள் பிள்ளை போய்விட்டது. காய்ச்சல் முற்றித்தான் போயிருக்கும். ஆனால் ஆத்தா இருக்கும்போது ஊசி போட்டதால்தான் போனது என்று வீடே முடிவு கட்டிவிட்டது. அந்தப் பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தது மதினி. எல்லையில் குண்டுச் சத்தத்தில் தூங்கி எழுந்த மனிதர், இந்த ஒரு விஷயத்தில் இன்னும் அரைக்கால் சட்டைப் பையன்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்ப்பதற்கு என் நுரையீரல்தானா கிடைத்தது?

அவர் மதுரைக்குப் போன் பண்ணினார். நான் படுக்கையில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். "மாத்திரை சாப்பிட்டதும் முகத்தில் கொப்பளம் வந்திருக்கிறது" என்று சொல்லியிருந்தால் கதையே வேறு. அவர் சொன்னது, "எங்க வீட்டம்மாவுக்கு அம்மை போட்டிருக்குங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்தப் பக்கத்துக் குரல் தெளிவாகவே கேட்டது. "அம்மையா? அப்ப இங்க கூட்டிட்டு வராதீங்க. மத்த பேஷண்டுக்கு ஒட்டிக்கும். மாத்திரைய நிப்பாட்டி வைங்க. சரியானதும் வாங்க."

"அம்மை இல்லன்னு சொல்லுங்க" என்று நான் கத்தினேன். இருமலும் கத்தலும் சேர்ந்து வந்ததில் ஒன்றும் புரிந்திருக்காது. போன் வைக்கப்பட்டுவிட்டது.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மதினியாவது எழுதப் படிக்கத் தெரியாதவர், தூக்கி வளர்த்த பிள்ளையைப் பறிகொடுத்தவர். அந்தக் குரலுக்கு என்ன கேடு? இந்த மாத்திரைக்கு முகத்தில் கொப்பளம் வரும் என்பது அவர்கள் தினமும் பார்க்கிற விஷயம். யார் பேசுவது, என்ன மருந்து சாப்பிடுகிறார், எங்கெல்லாம் வந்திருக்கிறது, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? கல்யாண வீட்டிலிருந்து இலை விரித்த போட்டோ வருகிறது, நாய் குட்டி போட்ட போட்டோ வருகிறது. புற்றுநோய்க்காரியின் முகத்தைப் பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. வீடு அம்மை என்றது, ஆஸ்பத்திரியும் சரி அம்மை என்றது. இரண்டு பேருமாகச் சேர்ந்து என் மாத்திரையை நிறுத்தினார்கள்.

வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அதைப் பார்த்ததும் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் தெருவோடு திரும்பிப் போனார்கள். வீட்டில் தாளிப்பு கிடையாது, சோப்பு கிடையாது, மெஷினை மிதிக்கக் கூடாது. வீட்டுக்காரர் என்னைத் தொடக் கூடாது. வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்து மதினி என் முகத்தில் அப்பினார். ஏற்கனவே தோல் வறண்டு வெடித்துக் கிடந்த இடம். மிளகாய் அரைத்துத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "எரியுது மதினி" என்றால், "ஆத்தா எரிச்சக்காரி, அப்பிடித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்றார். பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ. பொம்பளைக்கு எந்த மருத்துவர் வந்தாலும் முதலில் எழுதிக் கொடுக்கிற மருந்து இதுதான்.

அம்மை இருக்கிற வீட்டுக்குள் இங்கிலீஷ் மருந்தே இருக்கக் கூடாது என்று மதினி சொன்னார். உடனே அலமாரியின் நடுத்தட்டு காலியானது. மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரர் மாடிக்குப் போனார். மாடியில் தகர ஷீட் போட்ட ஒரு அறை. அதில் அவர் ராணுவத்திலிருந்து கொண்டுவந்த கறுப்பு டிரங்குப் பெட்டி. அதற்குள் வைத்துப் பூட்டினார். சித்திரை மாதம். அந்த அறைக்குள் பகலில் எலிகூட நுழையாது. வெயில் படக் கூடாது என்று நடுத்தட்டைக் காலிசெய்த அதே மனிதர்தான்.

பிறகு நடந்ததுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை. என் முகம் தெளிய ஆரம்பித்தது.

தெளியாமல் என்ன செய்யும்? மாத்திரையால் வந்தது, மாத்திரையை நிறுத்தினால் போகிறது. மதினிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாலே, ஆத்தா எறங்கிட்டா. எம்புட்டு அழகா மொகம் தெளிஞ்சிருக்கு" என்று தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கம்பக்கத்தில் சொல்லி அனுப்பினார். தலைக்குத் தண்ணீர் விட்டார்கள். எல்லாரும் என் கன்னத்தைப் பார்த்தார்கள். நான் மாடிப்படியைப் பார்த்தேன். பாதிப் படியில் நிற்க வேண்டியிருந்தது. அப்புறம் அதற்கும் கீழே. இருமல் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

"எனக்கு இருமல் திரும்பிருச்சுங்க. மாத்திரையக் குடுங்க" என்று கேட்டேன்.

அவர் மதினியைப் பார்த்தார். "அம்மை எறங்கையில சளி எளகத்தான் செய்யும்" என்றார் மதினி. "கோயிலுக்குப் போய் மொகம் வாங்கிப் போட்டு, பொங்க வச்சிட்டு வந்துருவோம். அதுக்குப் பொறவு மாத்திரையப் பத்திப் பேசலாம்."

முகம் வாங்கிப் போடுவது என்றால், வெள்ளித் தகட்டில் தட்டிய முகத்தைக் கோயில் வாசலில் வாங்கி உண்டியலில் போடுவது. மதினியும் வீட்டுக்காரரும் பானையும் அரிசியுமாகக் காலையிலேயே கிளம்பினார்கள். எனக்கு வெயில் ஆகாது என்று என்னை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் சேலை மாற்றினேன். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, நின்று நின்று நடந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெண் என் முகத்தில் மிச்சமிருந்த தழும்புகளைப் பார்த்துவிட்டு எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தாள். நல்லது என்று ஜன்னலோரமாக நகர்ந்துகொண்டேன். காற்றாவது கிடைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கச்சி பால்கோவா கடையில் வேலை பார்க்கிறாள். வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தாள். "என்னக்கா, நீ வெளிய வரலாமா? தண்ணி விட்டாச்சா?" என்றாள்.

"தண்ணியெல்லாம் விட்டாச்சு. மூச்சுதான் விட முடியல" என்றேன். உடனே அவளுக்குத் தெரிந்த தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த டாக்டரம்மா என் முகத்தை அதிகம் பார்க்கவில்லை. கையை வாங்கித் தன் மேஜை மேல் வைத்து விரலை ஒவ்வொன்றாகத் திருப்பினார். நகத்தோர வீக்கம் இன்னும் வடியவில்லை.

"அம்மை நகத்தோரத்துல வந்து உக்காராதும்மா. நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

இத்தனை நாளில் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் வாயைத் திறப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. தங்கச்சிதான் மாத்திரைப் பெயரைச் சொன்னாள். கொப்பளம் நிறைய இருந்தபோது அவளுக்கு நான் அனுப்பியிருந்த போட்டோவையும் காட்டினாள். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இந்த மாத்திரை உடம்புல வேலை செய்ய ஆரம்பிக்கும்போதுதான் நிறையப் பேருக்கு இப்படி வரும். இதுக்கு க்ரீம் இருக்கு, மாத்திரை இருக்கு. வயித்துப்போக்குக்கும் மருந்து இருக்கு. ரொம்ப அதிகமானா பெரிய டாக்டரே நாலு நாள் நிறுத்தச் சொல்லுவாங்க, இல்லன்னா அளவக் கொறைப்பாங்க. நாமளா நிறுத்தக் கூடாது."

மாத்திரை வேலை செய்ததற்கு அடையாளமாக வந்ததைக் காரணம் காட்டித்தான் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மேஜையைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. டாக்டரம்மா மதுரைக்குத் தானே பேசி, மறுநாளே என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டார். கடைசியாக, "மிச்ச மாத்திரைய எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். வெந்த மாத்திரையை நம்ப வேண்டாம், குப்பையிலும் சாக்கடையிலும் போடாமல் ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

நானும் தங்கச்சியும் வீட்டுக்கு வந்தபோது அவர்களும் கோயிலிலிருந்து திரும்பியிருந்தார்கள். மதினி நெற்றியில் பெரிய குங்குமம். தூக்குவாளியில் பொங்கல். "எங்கட்டி போன, இந்த வெயிலுல?" என்று ஆரம்பித்தார். நான் வீட்டுக்காரரை மாடிக்கு வரச் சொன்னேன். படியில் இரண்டு தடவை உட்கார்ந்துதான் ஏறினேன். அவர் பின்னாலேயே நின்று நின்று வந்தார். கை கொடுத்துத் தூக்கலாமா கூடாதா என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

ஷீட் அறைக்குள் நின்று, "அந்தப் பெட்டி மேல கைய வைங்க" என்றேன்.

வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"உங்களால ஒரு நிமிஷம் கைய வைக்க முடியல. என் மாத்திரைய அதுக்குள்ளதான் இத்தன நாளும் போட்டு வச்சிருக்கீங்க."

பின்னாலேயே ஏறி வந்த மதினிதான் பேசினார். "ஆத்தா கோவிச்சுக்கிட்டா யாரு தாயி பொறுப்பு?"

"நான் செத்தா யாரு பொறுப்பு மதினி?"

கடைக்குட்டி, ஊசி போட்டதால் சாகவில்லை, சரியான நேரத்தில் சரியான வைத்தியம் கிடைக்காமல்தான் செத்தது என்று பல வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததையும் அன்றைக்குச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று தங்கச்சி பிறகு சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதினி தூக்குவாளியை அப்படியே வைத்துவிட்டு சேத்தூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். சுருங்கிக்கொண்டு வந்த கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. மறுபடி அதே மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாம், கேட்டால் நல்லது என்றார் டாக்டர். கேட்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போனில் பேசிய குரல் யாருடையது என்று மட்டும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லையாம். காப்பீட்டில் அடுத்த பெட்டி தருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, கொடுத்ததை என்ன செய்தீர்கள் என்று வேறு கேள்வி. அவர்களே நிறுத்தச் சொன்ன மாத்திரைக்கு என்னிடம் கணக்குக் கேட்டார்கள். வீட்டுக்காரர் அங்கே வாழ்க்கையில் முதல் தடவையாக மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டார். பெட்டி வந்தது.

மறுபடியும் அலமாரியின் நடுத்தட்டு. மறுபடியும் காலையில் வாட்ச், ஸ்பூன். பக்கத்துத் தட்டில் முகத்துக்கு க்ரீம், வறட்சிக்கு ஒன்று, வயிற்றுக்கு மாத்திரை, உப்பு சர்க்கரைப் பொட்டலம். நான் தினமும் கண்ணாடியைப் பார்த்தேன். வயதுக்கு வந்த பெண்ணைப்போல அம்புட்டு நேரம் பார்த்தேன். கன்னம் வழவழவென்று இருந்தது. வாங்கிப் போட்ட வெள்ளி முகம் மாதிரி இருந்தது. ஒரு கொப்பளமாவது தட்டுப்படுகிறதா என்று அந்த வழவழப்பை விரலால் தடவித் தடவித் தேடினேன். கொப்பளம் வராமலும் சில பேருக்குக் கேட்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மனசு எங்கே கேட்கிறது?

ஒருநாள் காலையில் முகம் கழுவும்போது மூக்கோரம் சுருக்கென்றது. கண்ணாடியில் பார்த்தேன். சிவந்திருந்தது. இரண்டு கொப்பளம், பக்கத்தில் இன்னொன்று எழும்பிக்கொண்டிருந்தது. சத்தம் போட்டு அவரைக் கூப்பிட்டேன். ஓடி வந்தவர் பார்த்ததும் அப்படியே நின்றார். அந்தப் பழைய பயம் அவர் முகத்தில் வந்து போனது. திரும்பிப் போனார். வாசல் வேப்பமரத்துக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். என் கோபமெல்லாம் திரண்டு தொண்டைக்கு வந்துவிட்டது.

கையைக் கழுவிக்கொண்டு, க்ரீமை எடுத்துக்கொண்டு வந்தார். என் முகத்தை அவர் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. மூக்கோரத்தில் ஒற்றி ஒற்றித் தடவினார்.

"எரியுதா?"

"எரியுது."

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. மதினி. அத்தனை நாள் கழித்து, கோபம் ஆறியோ ஆறாமலோ, இளநீர்க் குலையோடு வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கை செருப்பைக் கழற்றக் கீழே போனது. "ஏலே, திரும்பவும் வந்திருச்சா?" என்றார்.

வீட்டுக்காரர் விரலில் க்ரீமோடு திரும்பினார். "ஆமாக்கா, வந்திருச்சு" என்றார், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பிள்ளை பிறந்த சேதி சொல்கிற ஆளைப்போல. கண்ணில் நீர் வழிய, "வந்திருச்சுக்கா" என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

மதினி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குலையை உள்ளே கொண்டுவந்து வைத்தார். எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் மற்றக் கன்னத்தையும் வீட்டுக்காரர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.